அப்பாவுக்குக் காற்று பிரிய வேண்டும்

ஜூலை 8, செவ்வாய்

நேற்று அப்பாவின் குடலில் ஒன்றரை அடியை வெட்டி எடுத்துவிட்டார்கள். முறுக்கிக்கொண்டு அழுகியிருந்ததாம். டாக்டர் அதை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் நன்றாகப் பார்த்தேன். கத்திரிக்காய் நிறம்.

இது என் பி.பார்ம் ரெக்கார்டு நோட்டு. பன்னிரண்டு பக்கம் எழுதியதும் காலேஜை விட்டு வந்துவிட்டேன். மீதி சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வேறென்ன செய்ய?

ஏன் விட்டாய் என்று ஏழு மாதமாக எல்லோரும் கேட்கிறார்கள். போரடித்தது என்று சொன்னால் நம்புவதில்லை. அப்பா மட்டும் கேட்கவில்லை. வெளியாட்களிடம் "பாப்பா கல்வி ஓய்வில் இருக்கிறாள்" என்கிறார். அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் இல்லை. எனக்காக அவரே செய்தது.

ஜூலை 9, புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு கட்டில். ஐந்தாவது அப்பா.

அப்பா யாரென்று இங்கே யாருக்கும் தெரியாததில் அவருக்கு வருத்தம். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்ற ஆறுமுகநயினாரைத் தெரியாவிட்டால் பரவாயில்லை. பட்டிமன்ற நடுவர், 'சொல்வேர்ச் செம்மல்' ஆறுமுகநயினாரைத் தெரியாமல் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒருவர் இருக்கலாமா? எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது எங்கே பிறந்தது, யாருக்குப் பிறந்தது என்று முக்கால் மணி நேரம் பேசுவார். மேடையில் ஒரு வடசொல் வராது. எனக்கு இன்மொழி என்று பெயர் வைத்தது அவர்தான். அந்த ஒரு கணிப்பு தப்பிவிட்டது.

காலை பத்து மணிக்கு சிஸ்டர் பிரிஸ்கில்லா வந்தார். நாகர்கோவில்காரர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"பாட்டா, காத்து போச்சா?"

அப்பாவுக்கு அறுபத்தொன்று. முதல் அடி 'பாட்டா', சிஸ்டர் ஊரில் தாத்தா. இரண்டாவது அடி மீதி வாக்கியம். மின்விசிறியைப் பார்த்தார்.

"கேக்குதேன்லா. காத்து பிரிஞ்சுதா, இல்லையா?"

மின்விசிறி சுற்றியது.

வராந்தாவில் சிஸ்டரைப் பிடித்து எதற்கு இந்தக் கேள்வி என்று கேட்டேன்.

"குடல வெட்டி ஒட்டியாச்சுல்லா மக்ளே. அது இப்பம் தூங்கிட்டுக் கிடக்கு. முழிச்சா மொதல்ல காத்துதான் வெளிய வரும். அதுக்குப் பெறவுதான் தண்ணி, கஞ்சி எல்லாம். அது வராம வாயில ஒரு சொட்டு விட்டா வம்பாயிரும்."

சார்ட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. 'ஃபிளேட்டஸ்'. லத்தீனில் ஊதுதல் என்று அர்த்தம். பி.பார்மில் நான் உருப்படியாகப் படித்த ஒரே சொல் அதுதான் போலிருக்கிறது.

ஆறாவது கட்டிலில் சுடலைமுத்து மாமா. ஆட்டு வியாபாரி. குடலிறக்கம் மாட்டிக்கொண்டு இங்கே வந்து பதினோரு நாளாகிறது. வந்த முதல் வாரத்தில் அவர் கூவியதை வார்டு இன்னும் நடித்துக் காட்டுகிறது. "சிஸ்டரு! ரெண்டு போச்சு! காலைல ஒண்ணு, இப்பம் ஒண்ணு! எழுதிக்கிடுங்க!"

கதையைக் கேட்டுவிட்டு அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "பண்பில்லாதவன்" என்றார் சுவரிடம்.

ஜூலை 10, வியாழன்

காலை: இல்லை. மதியம்: இல்லை. 'இல்லை' என்பதுகூட நான் சொன்னதுதான். அப்பா வாயைத் திறக்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது. ஈரப் பஞ்சால் ஒற்றுகிறேன்.

மாலை ஐந்தரைக்குப் பார்வையாளர் நேரம். அப்பா பேசுகிற தமிழ் மன்றத்துச் செயலாளர் நம்பிராஜன் மாமா ஆறு பேரோடு வந்தார். ஏழு பேரும் வெள்ளை வேட்டி. கட்டிலைச் சுற்றி நின்றதும் அப்பாவுக்கு முகத்தில் ரத்தம் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க இல்லாம மன்றமே ஊமையா கெடக்கு."

"இன்னும் பத்து நாளில் எழுந்துவிடுவேன், நம்பிராஜன்" என்றார் அப்பா மேடைத் தமிழில்.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் பிரிஸ்கில்லா சார்ட்டோடு வந்தார். "பாட்டா, காத்து போச்சா?"

ஏழு பேரும் ஏழு திசையில் பார்த்தார்கள். ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலில் எழுதியிருந்ததை வாசித்தார்.

"எல்லாம் நல்லபடியாக ஆகிவிட்டது" என்றார் அப்பா.

"எப்பம்?"

"சற்று முன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீ கூட இருந்தியா மக்ளே?"

"இருந்தேன்."

கட்டத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இருந்தேன்தான். நடுவில் ஒரு தடவை டீ குடிக்கப் போனேன், அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

இளநீர். பிறகு கஞ்சித் தண்ணீர், நாலு மணிக்கு ஒரு தம்ளர், ஆறு மணிக்கு ஒரு தம்ளர். அம்மா அழுதுகொண்டே ஊட்டினாள். நல்ல நாள்.

ஜூலை 12, சனி

காலையில் வாந்தி. பச்சையாக. என் சுடிதாரெல்லாம்.

மதியம் மறுபடியும். வயிறு கல்யாண வீட்டு அண்டா மாதிரி எழும்பி நிற்கிறது. பெரிய டாக்டர் வந்து விரலால் தட்டினார். டொம் டொம் என்று கேட்டது.

"யாரு சாப்பாடு குடுக்கச் சொன்னது?"

"வியாழக்கிழம காத்து போச்சுன்னு சொன்னாவ டாக்டர்" என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். இரண்டு ஆள் பிடித்துக்கொண்டார்கள். நான் வெளியே போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

தொண்டையில் குழாய் உரசுவதால் பேச முடியவில்லை. ஆளும் இல்லை, மேடையும் இல்லை, குரலும் இல்லை. நான் இந்த நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துப் பேனாவோடு கொடுத்தேன்.

சரி, இப்போதாவது விஷயத்துக்கு வருவார் என்று கேட்டேன். "எப்பா, அதுக்கு நீங்க என்ன சொல்லுவீய? சிஸ்டர் தெனமும் கேக்குதாவள்லா, அது."

சொல் என்றதும் கை தானாக எழுதியது.

'அபானன். கீழே விலகிச் செல்லும் மூச்சு என்பது பொருள்.'

"அது வடசொல்லுல்லா? நீங்களா எழுதுறீங்க? மன்றத்துல காட்டட்டுமா?"

முறைத்தார். அடித்துவிட்டு எழுதினார். 'கீழ்நோக்குங்கால். கால் என்றால் காற்று. பழந்தமிழ்.'

"இன்னும் தமிழ்ல."

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அரை மணி கழித்து அவராகவே பேனாவை எடுத்தார். சித்த வைத்திய நூல்களின்படி உடம்பில் பத்துக் காற்றாம். ஒவ்வொன்றையும் எழுதி அதற்கு என்ன வேலை என்றும் எழுதினார். கொட்டாவிக்கு ஒருவன், தும்மலுக்கு ஒருவன், விழுங்கியதைச் செரிக்கவைக்க ஒருவன். எழுத எழுத எழுத்து நேரானது. மேடையில் இருப்பது மாதிரி இடையிடையே நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டார். பத்தாவது பெயர் தனஞ்செயன். 'மற்ற ஒன்பதும் போன பிறகும் போகாதவன். உயிர் நீங்கிய உடலிலேயே தங்கி, அதை வீங்கச் செய்து, கடைசியில்'

தாளைப் பிடுங்கிக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

"என்னட்டி?" என்று உதட்டை அசைத்தார்.

"தாள் தீந்துட்டு" என்றேன். இன்னும் இரண்டு தாள் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

சுடலைமுத்து மாமா இன்று என்னைக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசத்தான் நினைத்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"ஏம்மா, உங்கய்யாவுக்கு அன்னைக்கு ஒண்ணும் போகல கேட்டியா. நான் இங்கனதான் கெடந்தேன். நாலு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் கண்ணு மூடல. ஆட்டுச் சந்தைல முப்பது வருசம் நிக்கவன் நான். எந்த ஆட்டுக்கு வயித்துல காத்து அடைச்சிருக்குன்னு பாத்தாலே சொல்லிருவேன்."

அப்பாவிடம் போய் நேராகக் கேட்டேன். "எப்பா, வியாழக்கிழம நெசமாவே போச்சா?"

கண்ணை மூடிக்கொண்டார். நான் நகரவில்லை. அவர் கை பேனாவைத் தேடியது.

'ஏழு பேர் நின்றார்கள். சின்னப் பெண் கேட்கிறது. இல்லை என்றால் பேச்சு நீளும். ஆயிற்று என்றால் முடிந்துவிடும்.'

தேங்காய் உடைக்கப் போன இடத்தில் முக்கால் மணி நேரம் பேசியவர். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பேச்சைச் சுருக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. சுடலைமுத்து மாமாதான் சூழ்நிலையைச் சரிசெய்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து, "அண்ணாச்சி, நீங்க வேர் சொல்லுத ஆளுன்னு பாப்பா சொல்லிச்சு. குசுவுக்கு என்ன வேரு?" என்றார்.

வார்டில் நாலு பேர் சிரித்தார்கள். அப்பாவுக்குக் காது சிவந்தது.

"நான் சொல்லட்டா? சத்தம்தான் வேரு. அது எப்படி வருதோ அதையே பேரா வச்சிட்டான். நாசூக்கா வந்தா இந்தப் பேரு. சத்தமா வந்தா வேற பேரு, அது பொம்பளப்பிள்ள இருக்கு, வேண்டாம்."

அப்பா பேனாவைத் திறந்தார். பிறகு ஒரு தாளில் எழுதி, கொடு என்று கையைக் காட்டினார். கொண்டுபோய்ச் சுடலைமுத்து மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'ஒலிக்குறிப்பு. ஆதாரம் போதாது. ஆயினும் ஏற்கத்தக்கது.'

"ஏத்துக்கிட்டாராமா?" என்று கேட்டுவிட்டு, தலைமாட்டில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அப்பாவுக்கு நீட்டினார். குழாயைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிட்டார்.

சிஸ்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

நான் வாயைத் திறக்குமுன் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வியாழன் காலை மறுபடியும் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள்.

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். "காத்து ஒரு தடவ கூடப் போகலைன்னா, குடல் இன்னும் தூங்குதுன்னு சொல்லி நான் காத்திருப்பேன். ஆனா ஒரு தடவ போயிட்டு அப்புறம் நின்னிருக்கு. அப்படின்னா நாம ஒட்டின இடத்துல ஏதோ அடைச்சிருக்கலாம். படத்துலயும் தெளிவாச் சொல்ல முடியல. விட்டுவைக்கிறது ஆபத்து."

"தாங்குவாவளா?" என்று அம்மா கேட்டாள்.

"சுகர் இருக்கு. வயசு இருக்கு. பாப்போம்."

'போயிட்டு நின்னிருக்கு.' அது சார்ட்டில் இருக்கிறது. சார்ட்டில் இருப்பதற்குச் சாட்சி நான்.

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். அம்மா நீயே போடு என்று என்னிடம் தந்தாள். தாள் இப்போது இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

டீ குடிக்கப் போனேன் என்று வியாழக்கிழமை எழுதியிருக்கிறேன். மூன்றே முக்காலுக்குப் போனேன். திரும்பி வரும்போது ஐந்து இருபத்தைந்து. டீ குடிக்கப் பத்து நிமிஷம். மீதி நேரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஏறியும் உட்கார்ந்தேன். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டதும் இறங்கிவிட்டேன். மருந்து வாசனை தாங்கவில்லை, அதுதான். வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 16, புதன்

காலை ஏழு மணிக்கு சிஸ்டர் டியூட்டிக்கு வந்தபோது படிக்கட்டிலேயே சொன்னேன்.

"அன்னைக்கு நான் கூட இல்ல சிஸ்டர். அப்பாவுக்குக் காத்தும் போகல. மன்றத்து ஆளுங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டுட்டாவ."

சிஸ்டர் கைப்பையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒரு குசுவுக்கா மக்ளே?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறுபடியும் ஆபரேஷன்னு சொன்னதும் எல்லாரும் இப்படித்தான் மாத்திச் சொல்றீங்க. அன்னைக்கு சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா, நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? நாளைக்கு காலை வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள போனா தியேட்டர் வேண்டாம்." சிஸ்டரிடம் திரும்பினார். "இனி இந்தப் பொண்ணு சொல்றத எழுதாதீங்க. பேஷண்ட் வாயால சொல்லணும், நீங்க காதால கேக்கணும்."

பகல் முழுக்க அப்பாவை நடக்கவைத்தேன். ஒரு கையில் என் தோள், ஒரு கையில் குளுக்கோஸ் கம்பி. வராந்தாவில் அங்கிட்டும் இங்கிட்டும் இருபத்திரண்டு தடவை. எலும்பாக இருக்கிறார். சுடலைமுத்து மாமா கட்டிலில் இருந்தபடி, "வலது பக்கமா ஒருக்களிங்க அண்ணாச்சி. கால மடக்குங்க. ஆடுன்னா இதுக்குள்ள அவுந்திருக்கும்" என்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா எல்லாம் செய்தார். எதுவும் நடக்கவில்லை. நாலு மணிக்கு நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தரைக்கு மறுபடியும் மன்றம். நாளை ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். அதே ஏழு பேர், ஒரு பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வாழ்த்து மடல். நடந்து களைத்துக் கிடந்த ஆளுக்குத் தோளில் பொன்னாடையைச் சுற்றினார்கள். நம்பிராஜன் மாமா கண் கலங்க மடலை வாசிக்க ஆரம்பித்தார். சிஸ்டர் அடுத்த கட்டிலில் சுடலைமுத்து மாமாவின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லின் வேரைத் தேடிச் சென்ற செம்மலே! நின் நாவில் எழுந்த தென்றல்..."

அப்போது கேட்டது.

பழைய வேட்டியைக் கிழிப்பது போல ஆரம்பித்து, மர நாற்காலியைத் தரையில் இழுப்பது போல முடிந்தது. நீளமாகத்தான் இருந்தது. வார்டில் எல்லாப் பேச்சும் நின்றது.

சிஸ்டர் கத்திரிக்கோலோடு திரும்பினார். "யாரு?"

அப்பாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் "அப்பாதான்" என்று வாயெடுத்தேன். "நீ சும்மா இரி" என்றார் சிஸ்டர்.

நம்பிராஜன் மாமா மடலை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். "மன்னிக்கணும் சிஸ்டர். நான்தான். மத்தியானம் மொச்சக்கொட்டக் குழம்பு."

அண்ணாச்சியின் மானத்தை நம்பிராஜன் மாமா மட்டும் காப்பாற்றினால் எப்படி என்று பின்னால் நின்றவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "இல்ல, நான்" என்றார். மூன்றாமவர் கையைத் தூக்கினார். ஒரு குசுவுக்கு மூன்று ஆள்.

"சுடலமுத்து மாமா, நீங்க சொல்லுங்க!" என்றேன்.

"இந்தத் திக்கில இருந்துதாம்மா வந்துச்சு. ஆனா இத்தன வேட்டி நிக்கே. எந்த வேட்டின்னு நான் எப்படிச் சத்தியம் பண்ண?"

சிஸ்டர் கத்திரிக்கோலை வைத்துவிட்டு அப்பாவின் கட்டிலுக்கு வந்தார். குனிந்தார். "பாட்டா, இவிய மூணு பேரும் சொல்லுதாவ. நீங்க சொல்லல்லன்னா நான் எழுத முடியாது. எழுதல்லன்னா காலைல ஆறு மணிக்கு தியேட்டர்."

"அவரு பாவம் சிஸ்டர், நான்தான்னு சொல்லுதேன்லா..." என்று நம்பிராஜன் மாமா மறுபடியும் முன்னால் வந்தார்.

அப்பா கையை உயர்த்தினார். நடுவர் மணியடிக்கப் போகும்போது உயர்த்துகிற கை. பொன்னாடை சரிந்தது. நாலு நாளாகப் பேசாத தொண்டையிலிருந்து, குழாயையும் தாண்டி, கிழிந்த குரல் வந்தது.

"நம்பிராசா, வாய மூடும் வே! அது என்னுது!"

நான் அவர் வீட்டில்கூட 'வே' சொல்லிக் கேட்டதில்லை.

"மொச்சக்கொட்டயாம்! ஒம்பது நாளா பட்டினி கெடக்கேன், எனக்குத் தெரியாதா? நான் விட்டது. நான் விட்ட குசு. எழுதிக்கிடும்மா!"

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். ஐந்து நாற்பத்தெட்டு. மன்றத்து ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்பா பேசி முடித்தால் அவர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். ஒருவர் தொடங்க எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற கட்டில்களிலும் தட்டினார்கள். அம்மா வராந்தாவிலிருந்து ஓடி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று அலறினாள்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். தூசி ஜாஸ்தி இந்த ஆஸ்பத்திரியில்.

ஜூலை 17, வியாழன்

காலைக்குள் இன்னும் மூன்று தடவை. அப்பாவே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாவதை எட்டுக் கட்டிலுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார், இருப்பது ஆறு கட்டில்தான். பெரிய டாக்டர் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுத் தியேட்டர் வேண்டாம் என்றார். நான் கையெழுத்துப் போட்ட தாளை சிஸ்டர் நாலாகக் கிழித்துப் போட்டார்.

மதியம் குழாயை எடுத்தார்கள். சாயங்காலம் மறுபடியும் வாய் வழியாகத் தண்ணீர், மூன்று கரண்டி. சுடலைமுத்து மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அம்மா தூங்கிவிட்டாள்.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏட்டி, நேத்து ரொம்பச் சத்தமா?"

"கீழ வாசல் வரைக்கும் கேட்டுச்சாம். வாட்ச்மேன் விசாரிச்சாரு."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். தயங்கித் தயங்கி, கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"உங்க பேச்சிலயே இதுதான்ப்பா சுருக்கம்."

சிரித்தார். தையல் இழுத்திருக்கும்போல. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தார். நான் என் கையையும் அந்தக் கைகள் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே குடல் கடகடவென்று ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது.